இளமை விற்பனைக்கு!

பாரீஸ் நகரம். 1889ஆம் ஆண்டு ஜூன் திங்கள் முதல் நாள். உயிரியற் கழகத்தின் கூட்டம். பேச எழுந்தவருக்கு வயது 72. கேட்க அமர்ந்திருந்தோர் சாமானியரல்லர். பிரெஞ்சு நாட்டின் அறிவுலகம் போற்றிய மருத்துவர்கள், ஆராய்ச்சியாளர்கள். அவர்கள் முன்னிலையில் அந்த முதியவர் அறிவித்தார், தாம் மீண்டும் இளைஞராகி வருவதாக!

பித்தர் என்று எண்ணிவிடாதீர்கள். பிரவுன்-செக்கார் என்பது அவர் பெயர். மொரீஷியஸ் தீவிலே 1817இல் பிறந்து, இலண்டனிலும் அமெரிக்காவின் ஹார்வார்டிலும் பணியாற்றி, கிளாத் பெர்னார் என்ற மாமேதை மறைந்தபின் அவர் அமர்ந்திருந்த பேராசிரியர் ஆசனத்திலேயே அமர்ந்தவர். முதுகுத் தண்டின் ஒரு பாதி அறுபட்டால் உடலின் எப்பக்கம் அசைவிழக்கும், எப்பக்கம் வலி உணராது என்பதைக் கண்டு சொன்னவர். இன்றும் மருத்துவ மாணவர்கள் அந்த நோய்நிலையை அவர் பெயராலேயே படிக்கிறார்கள். சிறுநீரகத்தின் மேல் தொப்பிபோல் அமர்ந்திருக்கும் சிறு சுரப்பிகளை அகற்றினால் விலங்கு பிழைக்காது என்று 1856லேயே காட்டியவரும் அவரே.

அத்தகையவர் என்ன செய்தார்? நாய், சீமைப் பெருச்சாளி ஆகியவற்றின் விரைகளை நசுக்கி, நீர் கலந்து, வடிகட்டி, அந்தச் சாற்றைத் தம் தோலுக்கடியில் ஊசி வழியே ஏற்றிக்கொண்டார். ஒருமுறையா? பத்துமுறை. பலன்? ஆய்வுக்கூடத்திலே அரைமணி நின்றால் அமரத் துடித்தவர், மணிக்கணக்கில் நின்று வேலை செய்தாராம்! மாடிப்படிகளை ஓட்டமும் நடையுமாக ஏறினாராம்! கையின் வலுவைக் கருவி கொண்டு அளந்தாராம், கூடியிருந்ததாம். சிறுநீர்த் தாரைகூட முன்னினும் நெடுந்தொலைவு பாய்ந்ததாம். அதையும் அளந்து சொன்னார்! சில இதழ்கள் சிரித்தன. சில இதழ்கள் 'வந்தது வாலிப மருந்து' என்று முரசறைந்தன. அடுத்த மாதமே, இலண்டனின் பெயர்பெற்ற மருத்துவ ஏடான 'லான்செட்' அவருடைய கட்டுரையைத் தாங்கி வந்தது. கடலுக்கு இப்பாலும் அப்பாலும் மருத்துவர்கள் சாறு பிழியத் தொடங்கினர். வணிகர்கள் புட்டியில் அடைக்கத் தொடங்கினர்.

அவர் பொய் சொன்னாரா? இல்லை என்றே நாம் கருதுகிறோம். காசுக்காகவும் செய்யவில்லை, மற்ற மருத்துவர்கள் சோதித்துப் பார்க்கட்டும் என்று சாற்றை விலையின்றியே அனுப்பி வைத்தவர் அவர். ஊசியை நிறுத்திய சில வாரங்களில் பழைய தளர்ச்சி திரும்பிவிட்டது என்பதையும் அவரே எழுதியிருக்கிறார். நேர்மையாளர்தான். நேர்மையாளர் ஏமாறமாட்டார் என்று எந்த ஏட்டிலும் எழுதி வைக்கவில்லையே! புத்துயிர் வரும் என்று எதிர்பார்த்தார், வந்ததாக உணர்ந்தார். அளந்தவரும் அவர், அளக்கப்பட்டவரும் அவர், தீர்ப்பு வழங்கியவரும் அவர்!

விரையிலிருந்து வரும் ஆண்மைச் சுரப்பான டெஸ்டோஸ்டிரோனை ஆம்ஸ்டர்டாமில் லாக்கர் என்பவரின் குழுவினர் பிரித்தெடுத்தது 1935இல்தான். அது நீரில் மிகக் கொஞ்சமே கரையக்கூடிய பொருள். பிரவுன்-செக்கார் கலந்ததோ நீர்! 2002ஆம் ஆண்டு ஆஸ்திரேலிய ஆராய்ச்சியாளர் சிலர், அந்தப் பெரியவர் எழுதிவைத்த முறைப்படியே சாறு தயாரித்து அளந்து பார்த்தனர். அதிலிருந்த டெஸ்டோஸ்டிரோன், மனித உடலில் எந்த விளைவையும் உண்டாக்கப் போதாத அற்ப அளவு. 113 ஆண்டுகளுக்குப் பிறகு வழக்கு முடிந்தது. அவரோ 1894இலேயே, 77 வயது நிறைவதற்குச் சில நாள்கள் இருக்கையில் மறைந்துவிட்டார்.

இங்கே நண்பர்கள் சிலர் குறுக்கிடக் கூடும். புதுமை எதுவாயினும் முதலில் நகைப்புக்கு ஆளாவது இயல்புதானே, பழித்தவர்களே பின்னர்ப் பணிந்த கதைகள் இல்லையா என்று. உண்டு. அதே காலத்துக் கதை ஒன்றையே சொல்லுவோம். 1891இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரத்தில் மர்ரே என்ற இளம் மருத்துவர், கழுத்துச் சுரப்பியான தைராய்டு செயலிழந்து, முகம் ஊதி, பேச்சுக் குழறி, மந்தநிலை அடைந்திருந்த 46 வயது மாது ஒருத்திக்கு, ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி வழியே செலுத்தினார். அந்த மாது நலம்பெற்று, மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தாள். அதுவும் விலங்கின் சுரப்பிச் சாறுதான்! அங்கே குறை இன்னதென்று தெரியும், இல்லாததைக் கொடுத்தார்கள், கொடுத்ததும் மாற்றத்தை ஊரார் கண்ணெதிரே கண்டனர், நிறுத்தினால் நோய் திரும்பியது, மற்றோர் ஊரில் மற்றொரு மருத்துவர் கொடுத்தபோதும் அதே பலன் கிட்டியது. இளமைச் சாறு இந்தத் தேர்விலே தோற்றது. நாம் கேட்பதும் இந்தத் தேர்வைத்தான். புதுமையின்மீது நமக்குப் பகை ஏது?

முதுமையை வெல்லும் ஆசை புதிதல்ல. சீனத்தை ஒரு குடைக்கீழ்க் கொணர்ந்த சின் ஷி ஹுவாங், சாவா மருந்து தேடிக் கடல் கடந்து ஆள் அனுப்பினான். கிறிஸ்து பிறப்பதற்கு 210 ஆண்டுகளுக்கு முன், 49ஆம் வயதில் மாண்டான். அதே நாட்டை ஆண்ட தாங் மரபின் வூசோங், இறவாமை தருமென்று இரசவாதிகள் கொடுத்ததை உண்டே 846இல் இறந்தான். நம் பக்கத்துப் புராணமோ இன்னும் ஒருபடி மேலே செல்லும். யயாதி என்ற மன்னனுக்கு முதுமை வந்ததாம். பெற்ற மகனிடமே இளமையைக் கேட்டு வாங்கிக்கொண்டானாம்! மகன் நரைத்தான், தகப்பன் களித்தான். இதனைப் பிதுர்பக்திக்கு எடுத்துக்காட்டாகக் கதாகாலட்சேபம் செய்தோர் உண்டு. தகப்பனின் தகாத ஆசைக்கு எடுத்துக்காட்டு என்று சொன்னவர்தான் குறைவு. சியவனர் என்ற கிழ முனிவர், அசுவினி தேவர்கள் சொற்படி குளத்தில் மூழ்கிக் குமரனாக எழுந்த கதையும் உண்டு. அந்த முனிவர் பெயரைத் தாங்கிய இலேகியம் இன்றும் கடைகளில் விற்பனையாகிறது. குளத்திற்கு மூடி போட முடியாது, புட்டிக்குப் போடலாமல்லவா!

அதியமானின் நெல்லிக்கனியை இந்த வரிசையில் வைக்க நமக்கு மனமில்லை. உண்டவர் நெடுநாள் வாழ்வார் என்று நம்பப்பட்ட கனியைத் தான் உண்ணாமல் ஒரு புலவருக்குக் கொடுத்தான் என்பதில் உள்ள பெருமை, கொடுத்த மனத்துக்கு உரியது. நெல்லிக்காயில் வைட்டமின் சி மிகுதி. அதை உண்பது நல்லது. அவ்வளவே.

பிரவுன்-செக்கார் மறைந்ததும் கடை மூடப்பட்டதா? அப்போதுதான் திருவிழாவே தொடங்கியது! ருசியாவில் பிறந்து பிரான்சில் வாழ்ந்த வோரனாஃப் என்ற அறுவை மருத்துவர், 1920 ஜூன் 12 அன்று, குரங்கின் விரையிலிருந்து அரிந்தெடுத்த துண்டுகளை மனிதனுக்குள் வைத்துத் தைத்தார். செல்வர்கள் வரிசையில் நின்றனர். 1930களின் தொடக்கத்திற்குள் பிரான்சில் மட்டும் ஐந்நூறு பேருக்குமேல் இந்த ஒட்டுவேலை நடந்தது. அவருக்கு இத்தாலியக் கடற்கரையிலே மாளிகை. அருகிலேயே குரங்குப் பண்ணை! வேற்று உயிரின் தசையை மனித உடல் பகைவனாகக் கருதி அழித்துவிடும் என்பது பின்னர் தெளிவாயிற்று. தைத்து வைத்த துண்டு சில நாள்களில் செத்துத் தழும்பாகும். தழும்பு எங்ஙனம் இளமை தரும்? அவர் 1951இல் மறைந்தபோது, ஒரு காலத்தில் கைதட்டிய உலகம் அவரை ஏறக்குறைய மறந்தே போயிருந்தது.

வியன்னா நகரில் ஸ்டைனாக் என்பவர் வேறொரு வழி சொன்னார். விந்துக் குழாயைக் கட்டிவிட்டால் உள்ளே இளமை ஊறும் என்றார். மனத்தின் ஆழங்களை அளக்கப் புறப்பட்ட ஃபிராய்டு 1923இலும், அயர்லாந்தின் கவிஞர் யேட்ஸ் 1934இலும் இந்தச் சிகிச்சையைச் செய்துகொண்டனர். இருவரும் 1939இல் மறைந்தனர். மேதைகளைப் பழிக்க இதைச் சொல்லவில்லை. ஒரு துறையின் மேதைமை மற்றொரு துறையில் ஏமாற்றத்தைத் தடுக்கும் வேலி ஆகாது; 'இன்னார் உட்கொண்டார், ஆகவே நல்லது' என்ற விளம்பரத்தின் விலை என்ன என்பதை இதிலிருந்து கணக்கிடலாம்.

அமெரிக்காவின் கான்சாஸ் மாநிலத்தில் பிரிங்க்ளி என்பவர் தோன்றினார். பட்டம் விற்கும் கல்லூரியிலே வாங்கிய பட்டம்; மூலதனம் ஆட்டுக்கிடா! கிடாவின் விரையை வைத்துத் தைக்க 750 டாலர். 1923இல் சொந்தமாக வானொலி நிலையமே தொடங்கினார். பாட்டு, பிரசங்கம், நடுநடுவே ஆட்டுச் சுரப்பியின் அருமை பெருமை! 1930இல் மருத்துவ உரிமமும் வானொலி உரிமமும் பறிபோயின. மனிதர் சோர்ந்தாரா? அதே ஆண்டில் ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டு ஏராளமான வாக்குகளைப் பெற்றார். பின்னர் மெக்சிகோ எல்லைக்கு அப்பாலிருந்து ஒலிபரப்பினார். மருத்துவ இதழாசிரியர் ஃபிஷ்பைன் அவரைப் போலி என்று எழுதினார். மானம் போயிற்றென்று பிரிங்க்ளி வழக்குத் தொடுத்தார், 1939இல் தோற்றார். அதன்பிறகே பாதிக்கப்பட்டோரின் வழக்குகள் குவிந்தன. 1942இல் கடனாளியாக மாண்டார். ஒரு பத்திரிகையாளரின் பேனா செய்த வேலை இது. எழுத்திலே நாட்டமுள்ள நம் தோழர்கள் இந்த வரலாற்றைத் தேடிப் படிக்கவேண்டும்.

நம் நாட்டிலும் நடந்ததைச் சொல்லாமல் விடலாமா? காசி இந்துப் பல்கலைக்கழகத்தைக் கண்ட பண்டித மதன் மோகன் மாளவியா, 1938இல், தமது 76ஆம் வயதில், தபசி பாபா என்ற சாமியாரிடம் காயகற்பச் சிகிச்சை பெற்றார். நாடெங்கும் அது பேச்சாக இருந்தது. பல்கலைக்கழகம் கண்டவர் சாமியாரிடம்! காலம் தன் கணக்கை மாற்றிக்கொள்ளவில்லை; 1946இல் அவர் மறைந்தார்.

அறுவையும் ஊசியும் அச்சம் தருவன. ஆகவே வணிகம் சமையலறைப் பக்கம் திரும்பியது. அதற்கும் ஒரு பெரிய பெயர் கிடைத்தது. வெள்ளணுக்கள் கிருமிகளை விழுங்கும் விந்தையைக் கண்டு 1908இல் நோபெல் பரிசு பெற்ற மெச்னிகாஃப், குடலிலே அழுகல் உண்டாக்கும் கிருமிகளே முதுமைக்குக் காரணம் என்றார். தயிரின் புளிப்புக் கிருமிகள் அவற்றை அடக்கும் என்றார். பல்கேரிய உழவர்கள் நூறாண்டு வாழ்வதைச் சான்றாகக் காட்டினார். தாமும் நாள்தோறும் புளித்த பால் அருந்தினார். 1916இல், 71ஆம் வயதில் மறைந்தார். அந்த நூறாண்டுக் கணக்கு நம்பத்தக்கதா? பிறந்த நாளைப் பதியாத ஊரில் கிழவர் சொன்னதே வயது! பிற்காலத்தில் ஈக்குவடார் நாட்டு வில்கபம்பா என்னும் மலையூரில் நூறு கடந்தோர் கூட்டமாக வாழ்வதாகப் புகழ் பரவியது. ஆய்வாளர் இருவர் தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டி, 1979இல் முடிவை வெளியிட்டனர். நூறு கடந்தவர் ஒருவரும் இல்லை. மூத்தவருக்கு வயது 96. எழுபது தாண்டியதும், ஆண்டுக்கு ஒன்றென்று நில்லாமல் வயது துள்ளி ஏறியிருந்தது!

இனி வருவது நம் காலத்துக் கதை. கொஞ்சம் நின்று கேட்கவேண்டிய கதை. 1956இல் அமெரிக்க விஞ்ஞானி ஹார்மன், உயிரணுக்கள் மூச்சு வாங்கும்போது தோன்றும் முரட்டு மூலக்கூறுகளே உடலை அரித்து முதுமை கொணர்கின்றன என்றார். ஆராயத்தக்க கருத்து. உயிர்வளியின் அரிப்பைத் தடுக்கும் பொருள்கள் — வைட்டமின் சி, வைட்டமின் ஈ, காரட்டுக்கு நிறம் தரும் பீட்டா கரோட்டின் — காய்கனிகளில் உண்டு. காய்கனி மிகுதியாக உண்போருக்குப் புற்றுநோய் குறைவு என்பதும் காணப்பட்டது. அவ்வளவுதான், காயை விட்டுவிட்டு மாத்திரையைப் பிடித்துக்கொண்டார்கள்! ஆனால் காய்கனி உண்பவர் பெரும்பாலும் புகைப்பது குறைவு, நடப்பது அதிகம், வசதியும் கொஞ்சம் உண்டு. அவர் நலத்துக்குக் காரணம் காரட்டின் நிறமா, அவரது வாழ்க்கையா?

ஆராய்ந்து பார்க்க ஃபின்லாந்து முன்வந்தது. 50 முதல் 69 வயதுவரை உள்ள, புகைபிடிக்கும் ஆடவர் 29,133 பேர். சிலருக்கு வைட்டமின் ஈ, சிலருக்கு பீட்டா கரோட்டின், சிலருக்கு இரண்டும், சிலருக்கு வெறும் மாத்திரை. யாருக்கு எது என்பது உண்பவருக்கும் தெரியாது, கொடுப்பவருக்கும் தெரியாது. பிரவுன்-செக்கார் செய்யத் தவறியது இதைத்தான்! ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் காத்திருந்தனர். 1994இல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் உண்டவர்களிடையே நுரையீரல் புற்றுநோய் குறையவில்லை. 18 விழுக்காடு கூடியிருந்தது! அமெரிக்காவில் 18,314 பேரிடம் நடந்த மற்றொரு சோதனையில், பீட்டா கரோட்டினும் வைட்டமின் ஏயும் சேர்த்துண்டோரிடம் நுரையீரல் புற்றுநோய் 28 விழுக்காடு கூடியது. குறித்த காலத்துக்கு 21 மாதம் முன்னதாகவே, 1996இல், சோதனையை நிறுத்திவிட்டனர். புகைபிடியாதோர் பெரும்பாலாக இருந்த அமெரிக்க மருத்துவர்கள் 22,071 பேர் பன்னிரண்டு ஆண்டு கலந்துகொண்ட சோதனையிலோ தீமையும் இல்லை, நன்மையும் இல்லை. 35,533 ஆடவரிடம் நடந்த இன்னொரு சோதனையின் முடிவு 2011இல் வந்தது. தனியே வைட்டமின் ஈ உண்டவர்களிடம் ஆண்மைச் சுரப்பிப் புற்றுநோய் 17 விழுக்காடு அதிகம்.

இத்தனைக்குப் பிறகும், நாம் பணிபுரியும் பள்ளியின் ஆசிரியர் அறையிலேயே இளமைத் தூள் டப்பாவின் விற்பனை நடந்தது! ஓய்வுக்கு ஈராண்டே உள்ள மூத்த ஆசிரியர் ஒருவர், பெயர் வேண்டாம், சம்பளத்தில் கணிசமான பகுதியை அதற்குத் தந்து வந்தார். அதுகூடப் போகட்டும், டப்பா தந்த தைரியத்தில், இரத்தக் கொதிப்புக்கு டாக்டர் எழுதிக்கொடுத்த மாத்திரையை நிறுத்திவிட்டார். விற்றவர் மருத்துவரல்லர், அவருக்கும் யாரோ விற்று, பத்துப் பேரைச் சேர்த்தால் பங்கு தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். "உடம்பிலே தெம்பு தெரிகிறதே, தம்பி" என்றார் மூத்தவர். அந்தத் தெம்பு 1889லேயே பாரீசில் தெரிந்த தெம்பு! ஃபின்லாந்துக் கணக்கைக் காகிதத்தில் எழுதிக் காட்டினோம். தூளை விட்டாரா என்று கேட்காதீர்கள். மாத்திரையை மீண்டும் எடுத்துக்கொண்டார். அதுவே பெரிது.

கொடிமுந்திரித் தோலில் உள்ள ரெஸ்வெரட்ரால் என்னும் பொருளின் புகழ் 2003இல் ஈஸ்டு நுண்ணுயிரில் தொடங்கி, 2006இல் கொழுத்த எலிகள் வழியே நாளேடுகளுக்கு வந்தது. 2008இல் கிளாக்சோ ஸ்மித் கிளைன் நிறுவனம், அந்த ஆராய்ச்சிக் குழுமத்தை 72 கோடி டாலருக்கு வாங்கியது. 2013இல் அதன் அலுவலகத்தை மூடியது. அமெரிக்க அரசின் முதுமை ஆய்வு நிறுவனம் மூன்று ஆய்வுக்கூடங்களில் ஒரே நேரத்தில் எலிகளுக்குக் கொடுத்துப் பார்த்தது. இயல்பான உணவு உண்ட எலிகளின் ஆயுள் நீளவில்லை. சோதனை என்றாலே தள்ளிவிடும் வேலை என்று எண்ணவேண்டாம். அதே திட்டத்தில் ராப்பமைசின் என்ற மருந்து எலிகளின் ஆயுளை நீட்டியது என்று 2009இல் அறிவித்தார்கள். அது உடலின் நோயெதிர்ப்பைத் தணிக்கும் மருந்து. மனிதனின் ஆயுளை நீட்டும் என்று காட்டப்படவில்லை. எலிக்குக் கிடைத்ததை எலிக்குக் கிடைத்தது என்று சொல்வதே அறிவியல். எலியின் ஆயுளை மனிதனுக்கு விற்பதுதான் வணிகம்!

முதுமையை ஆராய்வதே தொழிலாகக் கொண்ட 51 விஞ்ஞானிகள் 2002இல் கூட்டாக ஓர் அறிக்கை விட்டனர். விற்பனையில் உள்ள எந்தப் பொருளும் மனிதனின் முதுமையை நிறுத்தவோ, தாமதிக்கவோ, திருப்பவோ செய்யும் என்று நிறுவப்படவில்லை என்றனர். ஆயுள் நீளவே இல்லையா? நீண்டது! 1947இல் நம் நாட்டில் பிறந்த குழந்தையின் சராசரி வாழ்நாள் எதிர்பார்ப்பு ஏறக்குறைய 32 ஆண்டு. இன்று அது 70ஐ ஒட்டி நிற்கிறது. எந்த இலேகியம் கொடுத்தது இந்த 38 ஆண்டுகளை? நல்ல தண்ணீர், அம்மை குத்தும் ஊசி, பேறுகால மனை, காசநோய் மாத்திரை, வயிறார உணவு. இவற்றைப் புட்டியில் அடைத்து ஒருவனுக்குத் தனியே விற்க முடியாது, ஊருக்கே கொடுக்கவேண்டும். அதனால்தான் இவற்றுக்குப் பளபளப்பான விளம்பரம் இல்லை.

சட்டம் என்ன செய்கிறது? அற்புத மருந்து விளம்பரங்களுக்கு எதிராக 1954லேயே நம் நாட்டில் சட்டம் வந்துவிட்டது. மருந்துகள் பற்றிய விதிகளின் ஜே அட்டவணையிலோ, எந்த மருந்தும் தீர்ப்பதாகச் சொல்லிக்கொள்ளக் கூடாதவற்றின் பட்டியல் உள்ளது. அதிலே இளமைக்கு முந்திய மூப்பு உண்டு, இளநரை உண்டு, மீண்டும் இளமை ஊட்டும் ஆற்றலும் உண்டு! ஆகவே எத்தர்கள் மருந்து என்ற சொல்லையே கைவிட்டு, உணவு என்ற வாசல் வழியே உள்ளே வந்தார்கள். அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டம், விற்பதற்குமுன் பலனை நிரூபிக்கவேண்டிய கடமை துணை உணவுகளுக்கு இல்லை என்று கதவைத் திறந்துவிட்டது. இங்கே உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 2016ஆம் ஆண்டு விதிமுறைகள் ஒரு நிபந்தனை விதித்தன. டப்பாவின் முன்புறத்தில் சிரிக்கும் இளம் முகத்தைப் பார்த்து முடித்தவர்கள் அதைத் திருப்பிப் பார்க்கட்டும். சத்துப் பட்டியலுக்கும் காலாவதி நாளுக்கும் அருகில் எங்கேனும் ஒரு வாசகம் இருக்கும், பெரும்பாலும் ஆங்கிலத்தில். மருத்துவப் பயன்பாட்டுக்கு உரியதன்று என்பது அதன் பொருள்.